சைலோகெயின் போன தூரம்

1930-களின் நடுவில் ஸ்டாக்ஹோமில் ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலாளர், தான் புதிதாகச் செய்த பொருளைத் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கு நிறம், மணம், உருகுநிலை போலவே ருசியும் ஒரு சோதனை. அன்று அந்த நாக்கு மரக்காமல் இருந்திருந்தால், இன்று பல் பிடுங்கப் போகிற யாருக்கும் தெரிந்த ஒரு மருந்து நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எர்ட்மன் மரக்கவைக்கும் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அவர் கையில் இருந்தது பார்லி. நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் வான் ஆய்லரின் ஆய்வுக்கூடத்தில், பச்சையம் குறைந்த சில பார்லி வகைகளிலிருந்து கிராமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அதன் அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பதுதான் எர்ட்மனின் வேலை. ஒரு கட்டமைப்பை ஊகித்து, அதைச் செயற்கையாகச் செய்து பார்த்தார். ஊகம் தவறு. வந்தது கிராமின் அல்ல, அதன் அண்ணன் தம்பி மாதிரியான ஐசோகிராமின். பார்லியில் இருந்த அசல் கிராமினுக்கு நாக்கை மரக்கவைக்கும் குணம் கிடையாது. தவறிப் பிறந்த ஐசோகிராமினுக்கு இருந்தது. அதைவிட முக்கியம், ஐசோகிராமினைச் செய்யும் வழியில் கிடைத்த இடைப்பொருளுக்கும் அந்தக் குணம் இருந்தது. எர்ட்மனும் அவருடைய மாணவர் நில்ஸ் லோஃப்கிரேனும் அந்த இடைப்பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மரக்கவைக்கும் மருந்துகள் அப்போது இல்லாமலில்லை. 1884-இல் வியன்னாவின் கார்ல் கோலர் கண்ணில் கோக்கெயின் சொட்டு விட்டு அறுவை செய்யலாம் என்று காட்டியிருந்தார். கோக்கெயினின் அடிமைப்பழக்கமும் நச்சும் சீக்கிரமே தெரிந்துவிட்டன. அடுத்து வந்தது ஆல்ஃபிரெட் ஐன்ஹார்னின் புரோகெயின், கடைப்பெயர் நோவோகெயின். அது வேலை செய்யத் தாமதமாகும், சீக்கிரம் போய்விடும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். நாற்பது வருஷமாக டாக்டர்கள் அதை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள்.

லோஃப்கிரேன் ஒவ்வோர் அணுவாக மாற்றி மாற்றிப் புதுப்பொருள்கள் செய்துகொண்டே போனார். 1943-இல் அவருடன் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் சேர்ந்தார். இருபதைத் தாண்டியிருந்த இளைஞர். அதுவரை நாக்கில் வைத்துப் பார்த்ததெல்லாம் போதாது, உண்மையான ஊசியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மரப்பு ஊசி போடும் முறைகளைப் புத்தகத்தில் படித்துவிட்டு, முதலில் தன் விரல்களில் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தன் முதுகுத்தண்டில் தானே ஊசியை ஏற்றிக்கொண்டார். படிக்கும்போதே முதுகு கூசுகிறது. உயிரைப் பணயம் வைத்த அந்த இளைஞர் முப்பது வயதை ஒட்டி இறந்துபோனார். தன் மருந்து எங்கெல்லாம் போகும் என்று பார்க்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. இருவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.எல்.30 என்று அந்தப் பொருளுக்குக் குறியிட்டிருந்தார்கள்.

அஸ்ட்ரா நிறுவனம் உரிமையை வாங்கியது. கரோலின்ஸ்கா மருத்துவமனையில் டார்ஸ்டன் கோர்ட் அதை நோயாளிகளிடம் சோதித்தார். ஸ்வீடனில் மயக்கவியலையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் மருத்துவர் அவர். 1948-இல் சைலோகெயின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. மருந்துப் பெயர் லிடோகெயின். நம் ஊர் டாக்டர்கள் இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி லிக்னோகெயின் என்றும் எழுதுவார்கள். புரோகெயினைவிட வேகம், நீடிப்பு, உறுதி, ஒவ்வாமை அபூர்வம். பல் டாக்டர் ஈறில் குத்தியதும் உதடு வீங்கினாற்போல் தோன்றி, தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிகிறதே, அதுதான் எல்.எல்.30.

இதுவரை கதை சீராக இருக்கிறது. வலிக்கிற இடத்தில் குத்தினால் அந்த இடம் மரக்கும். ஆனால் சில ஆண்டுகளிலேயே டாக்டர்கள் அதை நேராக ரத்தக்குழாயில் செலுத்திப் பார்த்தார்கள். இங்கிருந்துதான் என் அக்கறை தொடங்குகிறது. ரத்தத்தில் கலந்த மருந்து ஒரே இடத்தில் நிற்காது, மூளைக்கும் போகும், இதயத்துக்கும் போகும்.

முதலில் இதயம். 1950-இல், இதயத்துக்குள் குழாய் விட்டுச் சோதிக்கும்போது வருகிற ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு லிடோகெயின் கொடுத்ததைப் பற்றி அமெரிக்காவில் எழுதினார்கள். 1960-களில் மாரடைப்புக்கென்றே தனிப் பிரிவுகள் எழுந்தபோது, லிடோகெயின் சொட்டு அங்கே வழக்கமானது. துடிப்புக் கோளாறு வந்தவர்களுக்கு மட்டுமல்ல, வராமலிருக்கட்டும் என்று மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். மானிட்டரில் தாறுமாறான கோடுகள் குறைந்தன, எல்லாருக்கும் நிம்மதி. 1980-களின் கடைசியில்தான் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். கோடுகள் குறைந்தது உண்மை. சாவு குறையவில்லை, கூடியிருக்கலாம் என்ற அச்சம்கூட எழுந்தது. முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. திரையில் தெரிந்த நன்மை வேறு, நோயாளிக்குக் கிடைத்த நன்மை வேறு என்பது அன்றே எழுதிவைக்கப்பட்ட பாடம். அடுத்த பயணத்துக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

அடுத்த இடம் பெருங்குடல்.

பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டியோ ஆறாத புண்ணோ வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் இணைப்பார்கள். தையல் ஆறுவது ஒரு கவலை. இன்னொரு கவலை, குடல் அசைவதையே நிறுத்திக்கொள்வது. கையாலும் கருவியாலும் தொட்டுப் புரட்டிய குடலின் தசைச் சுவரில் அழற்சி உண்டாகும். வலியால் தூண்டப்பட்ட நரம்புகள் ‘அசையாதே’ என்று உத்தரவு போடும். வலியைத் தணிக்கக் கொடுக்கும் மார்ஃபின் இனத்து மருந்துகள் அதே குடலை இன்னும் மந்தமாக்கும். வயிறு உப்பும், குமட்டும், வாந்தி வரும், சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும். சாப்பிட முடியாது, எழுந்து நடக்கத் தெம்பிருக்காது, வீட்டுக்குப் போக முடியாது.

அதனால்தான் ரவுண்ட்ஸ் வருகிற சர்ஜன் கட்டிலருகே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “ஐயா, காத்து பிரிஞ்சுதா?” என்பது. பெரியவர் சங்கடப்படுவார், மருமகள் பக்கத்தில் நிற்பாள். “ராத்திரி ஒரு தடவை போன மாதிரி இருந்துச்சு டாக்டர்” என்று மெல்லச் சொல்வார். உடனே டாக்டர் முகம் தெளியும். “அப்ப இன்னிக்குக் கஞ்சித் தண்ணி குடுக்கலாம்மா” என்பார். எத்தனையோ கருவிகள் வந்த பிறகும் குடல் விழித்துக்கொண்டதற்கு இதைவிட நம்பகமான தகவல் கிடையாது. பின்னால் வந்த ஆய்வுகளும் இதே கேள்வியை மணிக்கணக்கு போட்டுத்தான் கேட்டன.

வயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் அறுவையில் மார்ஃபினுக்கு நல்ல மாற்று ஒன்று இருந்தது: முதுகுத்தண்டு உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து செலுத்தும் எபிடியூரல். மார்ஃபினைக் குறைக்கலாம், குடலும் சீக்கிரம் அசையும். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் எபிடியூரல், சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை என்று எல்லாவற்றையும் சேர்த்து, பெருங்குடல் அறுவையானவர்களை இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று காட்டினார். ஆனால் எபிடியூரல் ரத்த அழுத்தத்தை இறக்கும், சிறுநீர் அடைக்கும், போடத் திறமை வேண்டும், சிலருக்குச் சரியாக அமையாது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி பரவிய பிறகு, இவ்வளவு சிறிய காயத்துக்கு முதுகில் குழாய் எதற்கு என்ற கேள்வியும் வந்தது.

அந்த இடைவெளியில்தான் லிடோகெயின் சொட்டு நுழைந்தது. முதல் தடம் மறுபடி ஸ்வீடனில். 1985-இல் ஜீன் கசூட்டோவும் அவருடைய குழுவினரும் பித்தப்பை அறுவையானவர்களுக்குக் குறைந்த அளவு லிடோகெயினைத் தொடர்ந்து ரத்தக்குழாயில் ஏற்றி, வலி குறைவதைக் காட்டினார்கள். 1990-இல் அதே குழு, குடலுக்குள் வைத்த அடையாளங்கள் நகர்வதை எக்ஸ்ரே எக்ஸ்ரேயாக எடுத்துப் பார்த்து, பெருங்குடலும் சீக்கிரம் அசையத் தொடங்குகிறது என்றது.

பிறகு பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். 2007-இல் அங்கே லேப்ராஸ்கோப்பியில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 40 பேரைப் பிரித்தார்கள்: பாதிப்பேருக்கு லிடோகெயின், பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர். கேள்வி அதேதான்: காற்று எப்போது பிரிந்தது? லிடோகெயின் வாங்கியவர்களுக்கு 17 மணி நேரத்தில், மற்றவர்களுக்கு 28. மலம் கழிந்தது 28 மணியில், மற்றவர்களுக்கு 51. வீட்டுக்குப் போனது இரண்டாம் நாள், மற்றவர்கள் மூன்றாம் நாள். மார்ஃபின் இனத்து மருந்தும் பாதிக்கும் கீழே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 60 பேரிடம் நடந்த ஆய்விலும் ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். விலை மலிவான, பழகிய, எல்லா ஆஸ்பத்திரி அலமாரியிலும் இருக்கிற ஒரு குப்பி இதைச் செய்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் துள்ளாது? உலகெங்கும் மயக்க மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. நரம்பு இழையின் சுவரில் சோடியம் புகும் வழிகள் இருக்கின்றன. ஒரு மதகுபோல அவை திறந்து மூடும்போதுதான் வலிச் செய்தி ஓடும். ஈறில் ஊசி போடும்போது லிடோகெயின் அந்த வழிகளை அடைத்துவிடுகிறது. ஆனால் சொட்டாக ஏற்றும்போது ரத்தத்தில் இருப்பது ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம்தான். ஆரோக்கியமான நரம்பை அடைக்க இது எந்த மூலைக்கும் காணாது. காயத்தால் எரிச்சலுற்று ஓயாமல் துடிக்கும் நரம்பு வேறு. அடிக்கடி திறந்து மூடும் வழிகளை லிடோகெயின் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. அதோடு, அழற்சியில் பங்கெடுக்கும் வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறிக் கொதிப்பதையும் அது தணிக்கிறது என்று ஆய்வுக்கூடங்கள் காட்டின. குடல் சுவரின் அழற்சிதான் அசைவை நிறுத்துகிறது என்றால், அழற்சியைத் தணிப்பது குடலை எழுப்ப வேண்டும். கேட்க அழகான விளக்கம். அழகான விளக்கம் ஒன்று கைவசம் இருந்ததும் நம்பிக்கை வேகமாக வளர்ந்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மருந்தைக் கையாளும் கணக்கை அருகில் போய்ப் பார்ப்போம். உயரம் 160 சென்டிமீட்டர் உள்ள ஓர் ஆண். எடை 85 கிலோ. ஆனால் லிடோகெயினுக்கு அந்த 85 கணக்கில்லை. உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைதான் கணக்கு. ஆணுக்கு உயரத்தில் 100-ஐக் கழித்தால் 60. பெண்ணுக்கு 105-ஐக் கழிக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் என்றால் முதல் அளவு 90 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தில் அது நாலரை மில்லிலிட்டர். அதையும் ஒரே அழுத்தாக அழுத்தாமல் பத்து நிமிடம் மெல்ல ஏற்ற வேண்டும். அதன் பின் மணிக்கு நாலரை மில்லிலிட்டர் என்று சிரிஞ்ச் பம்பில் வைக்க வேண்டும். பல் டாக்டரின் அட்ரினலின் கலந்த குப்பி இதற்கு ஆகவே ஆகாது. பம்பில் ஒரு புள்ளி இடம் மாறினால் நாலரை நாற்பத்தைந்தாகிவிடும்.

ரத்தத்தில் அளவு கூடினால் உடம்பு முதலில் சின்னச் சின்னதாகச் சொல்லும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோக ருசி, காதில் இரைச்சல், தலை லேசாவது. விழித்திருப்பவரிடம் நர்ஸ் கேட்டால் சொல்லிவிடுவார். மயக்கத்தில் கிடப்பவர் எப்படிச் சொல்வார்? அவருக்கு அடுத்த கட்டம்தான் வெளியே தெரியும்: வலிப்பு, இதயம் தடுமாறுதல். கல்லீரல்தான் லிடோகெயினைச் சிதைக்கிறது; கல்லீரல் நலிந்தவர், இதயம் பலவீனமானவர் உடம்பில் அது தேங்கிக்கொண்டே போகும். அமெரிக்காவின் கை வைன்பெர்க் 1998-இல் எலிகளிடம் கண்டறிந்த ஒரு முறிமருந்து இன்று இருக்கிறது: உணவூட்டத்துக்காக ஏற்றும் வெண்ணிறக் கொழுப்புக் கரைசல். 2006 முதல் மனிதர்களையும் அது காப்பாற்றியிருக்கிறது. 2021-இல் பல நாட்டு மயக்க மருத்துவர்கள் கூடி எழுதிய ஒருமித்த அறிக்கை, இந்தக் கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றது. 40 கிலோவுக்குக் கீழானவர்களுக்கு வேண்டாம், மணிக்கு 120 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது, வேறு மரப்பு ஊசி போட்டால் முன்னும் பின்னும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்றும் வரையறுத்தது. எங்கோ யாருக்கோ தவறு நடக்கலாம் என்ற பயம் அந்த ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது.

நன்மை உறுதி என்றால் இந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். நன்மை எவ்வளவு உறுதி? 2018-இல் காக்ரன் ஆய்வுத் தொகுப்பு 68 ஆய்வுகளை, 4,525 நோயாளிகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டது. ஆய்வுகள் சிறியவை, மருந்தளவு ஆளுக்கொரு விதம், தரம் போதாது. வலிக்கும் குடலுக்கும் உண்மையில் உதவுகிறதா என்பது நிச்சயமில்லை என்று முடித்தது. அதே 2018-இல் பிரிட்டனில் அலெக்ரோ என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. எடின்பரோவின் குடல் அறுவை மருத்துவர் ஹியூ பேட்டர்சன் அதன் முன்னணியில் இருந்தார். 27 மருத்துவமனைகள், 590 பேர், நடுவில் கொரோனா. யாருக்கு லிடோகெயின், யாருக்கு உப்புநீர் என்று நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கிறவருக்கும் தெரியாது. கேள்வி எளிமையானது: 72 மணி நேரத்துக்குள், மூன்று வேளை தொடர்ந்து குமட்டாமல் சாப்பிட்டு, காற்றோ மலமோ கழித்தவர்கள் எத்தனை பேர்?

முடிவு 2024-இன் கடைசியில் வெளிவந்தது. லிடோகெயின் வாங்கியவர்களில் 57.3 சதவீதம். உப்புநீர் வாங்கியவர்களில் 59 சதவீதம்.

வித்தியாசமே இல்லை. லியேஜின் 17-க்கும் 28-க்கும் இடையிலிருந்த அந்தப் பெரிய தூரம், ஆட்கள் கூடியதும் கரைந்துபோனது. இதைத் தோல்வி என்று எழுதியவர்களைப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்தாண்டு காலம் அறுவை மேசைக்குப் போகும் முன் கையெழுத்திட்டு, தனக்கு எது கிடைக்கும் என்று தெரியாமலே சம்மதித்த அந்த 590 பேரும் லுண்ட்க்விஸ்ட் தன் முதுகில் குத்திக்கொண்டதற்குச் சமமான ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அவர்களால் இனி வரும் நோயாளிகள் பலனில்லாத ஓர் ஆபத்திலிருந்து தப்புகிறார்கள். 40 பேரை வைத்துக் கிடைத்த முடிவை நம்பி இத்தனை ஆண்டு ஓடியதற்குப் பதில், இந்த எண்ணிக்கையை 2008-லேயே தொடங்கியிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் எனக்கு உண்டு. இதயத்தின் பாடம் அப்போதே கையில் இருந்தது.

லியேஜ்காரர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மருந்து 24 மணி நேரம் ஓடியது. அலெக்ரோவில் ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரம். இந்த இடைக்காலத்தில் பராமரிப்பும் மாறிவிட்டது. மார்ஃபின் குறைந்துவிட்டது, அறுவையன்றே தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள், மறுநாள் நடக்கவைக்கிறார்கள். தானாகவே சீக்கிரம் விழித்துக்கொள்ளும் குடலை இன்னும் சீக்கிரம் எழுப்ப மருந்துக்கு இடம் குறைவு. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில், எபிடியூரல் போட முடியாதவருக்கு, லிடோகெயின் இன்னும் பயன்படலாம். அலெக்ரோ சிறு துளை அறுவைகளைத்தான் பார்த்தது, அவர்களைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்கு அதைக் கொடுக்கும் டாக்டரை நான் குறைசொல்ல மாட்டேன், மானிட்டரும் கொழுப்புக் கரைசலும் பக்கத்தில் இருந்தால். பழக்கம் என்பதற்காக எல்லாருக்கும் ஓடவிடுவதுதான் தவறு.

மருந்து இதற்குள் வேறு வாசலுக்குப் போய்விட்டது. அறுவையின்போது புற்றணுக்கள் சிதறிப் பரவுவதை லிடோகெயின் தடுக்குமா என்ற கேள்வி. இதில் பெரிய பதில் மும்பையிலிருந்து வந்தது. டாட்டா நினைவு மருத்துவமனை தலைமையில் இந்தியாவின் 11 மையங்களில், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்னால் கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிடோகெயினை ஊசியாகப் போட்டார்கள். 1,583 பெண்களைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியிட்ட கணக்கில், ஐந்தாண்டுக்குப் பிறகு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 86.6 சதவீதம், போடாதவர்களில் 82.6. சில நூறு ரூபாய்கூட ஆகாத மருந்துக்கு இது பெரிய வித்தியாசம். கட்டியைச் சுற்றிப் போடுவதும் ரத்தக்குழாயில் ஏற்றுவதும் ஒன்றல்ல. கணையப் புற்றுநோய் அறுவையில் சொட்டாக ஏற்றிப் பார்த்த ஒரு சீன ஆய்வில் ஆயுள் நீளவில்லை.

பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய் அறுவைகளில் ரத்தக்குழாய் வழி லிடோகெயின் நோய் திரும்புவதைத் தடுக்குமா என்று மெல்பர்னின் பீட்டர் மெக்கல்லம் மையம் முன்னின்று நடத்தும் வேப்பர்-சி ஆய்வு கேட்கிறது. இம்முறை ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்ப்பது என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டுவிட்டார்கள். எண்ணப்போவது மணிகளை அல்ல, நோயின்றி வாழ்ந்த ஆண்டுகளை.